மிசிசிப்பி ஜான் ஹர்ட் மாதிரி வாசிக்கப் பழகறது எப்படி: கட்டைவிரல் முதல்ல, மத்ததெல்லாம் அப்பறம்

ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கருப்பர்களோட பழைய பாட்டு வகை, கத்துக்கணும்னு கிட்டாரை எடுக்கறவங்க முக்காவாசிப் பேரு நேரா ராபர்ட் ஜான்சன்ங்கற பழைய ப்ளூஸ் கிட்டார்காரரு பக்கம் போயிடறாங்க, இல்லாட்டி எலக்ட்ரிக் கிட்டார் சோலோ பக்கம், ரெண்டுமே ஆரம்பிக்கறவனை மிரட்டிடும், கொஞ்ச நாள்ல கிட்டார் பீரோ மேல ஏறிடும். உங்ககிட்ட ஒரு சாதா அக்கூஸ்டிக் கிட்டார் இருக்கு, சி, எஃப், ஜின்னு மூணு கார்டு புடிக்க வரும், கூட வாசிக்க ஆள் கிடையாது, ஆனா ஒத்தையா உக்காந்து பாடிகிட்டே வாசிக்கணும்னு ஆசை இருக்குன்னா நீங்க புடிக்க வேண்டிய ஆளு மிசிசிப்பி ஜான் ஹர்ட், அந்தக் காலத்து அமெரிக்கக் கருப்பர் பாடகர். ஏன்னா அவரும் வாழ்க்கை பூரா அதைத்தான் பண்ணாரு, பேண்டு கிடையாது, ட்ரம்ஸ் கிடையாது, சனிக்கிழமை ராத்திரி ஊர்ல யார் வீட்லயாவது ஆட்டம் பாட்டம்னா இவரு ஒத்த ஆளு ஒத்த கிட்டாரோட போய் உக்காந்து மொத்தக் கூட்டத்தையும் ஆட வைக்கணும். அந்த வேலைக்காகவே உருவான ஸ்டைல் இது, அதனால அவரு கதையையும் கையையும் தனித்தனியா சொல்லப் போறதில்ல, சேத்தேதான் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். இவரு ப்ளூஸ்காரரே இல்ல, பழைய நாட்டுப்பாட்டு பாடறவருன்னு ஒரு கோஷ்டி சண்டைக்கு வரும். பாதி உண்மைதான், அவரு பாடினதுல பன்னெண்டு தாளக் கட்டுல சுத்தி வர்ற வழக்கமான ப்ளூஸ் (பன்னெண்டு பார் ப்ளூஸ்) கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கொலைக் கதைப் பாட்டு, ரயில்வே கூலிக்காரங்க பாட்டு, சர்ச் பாட்டு, ரேக்டைம்னு தாளம் தள்ளித் தள்ளி விழற பழைய மெட்டு. ப்ளூஸ்னு ஒரு சரக்கை ரெக்கார்டு கம்பெனிங்க லேபிள் ஒட்டி விக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கிட்டார் கத்துகிட்டவரு, அவரு காதுல விழுந்ததை எல்லாம் வாசிச்சாரு. கத்துக்கறவனுக்கு இது லாபம்தான், ஒரே மாதிரி பாட்டா வராது.

பொறந்தது 1890கள் ஆரம்பத்துல, மிசிசிப்பி மாநிலத்துல கேரல் கவுண்டி, வளந்தது அவலான்னு ஒரு குட்டி ஊர். பருத்தி விளையற டெல்டா சமவெளி முடிஞ்சு மேடு ஆரம்பிக்கற ஓரத்துல இருக்கு. கீழ சமவெளில சார்லி பேட்டன், சன் ஹவுஸ் மாதிரி ஆளுங்க கிட்டாரை அடிச்சு நொறுக்கி தொண்டை கிழிய பாடிகிட்டு இருந்தாங்க, இவரு இந்தப் பக்கம் ஏதோ திண்ணைல உக்காந்து பேசற மாதிரி பாடிகிட்டு இருந்தாரு. சின்னப் பையனா இருக்கறப்ப இவங்க வீட்ல அடிக்கடி வந்து தங்கற ஒருத்தர் கிட்டார் வச்சிருந்தாரு, அவரு தூங்கினதுக்கு அப்பறம் பையன் ராத்திரில சத்தம் இல்லாம எடுத்து தடவித் தடவி கத்துகிட்டான். அப்பறம் அம்மா ஒன்றரை டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கிக் குடுத்தாங்க, அதுக்கு பிளாக் ஆனின்னு பேரு. வாத்தியார்னு யாரும் கிடையாது. தூங்கறவனை எழுப்பாம வாசிச்சுப் பழகினதாலதான் கை அவ்ளோ மெதுவா விழுதோன்னு எனக்கு ஒரு சந்தேகம், அது என் கற்பனை, விடுங்க.

சரி, கிட்டாரை எடுக்கறதுக்கு முன்னாடி காது வேலை. 1928ல ஓகேன்னு (OKeh) ஒரு ரெக்கார்டு கம்பெனிக்கு அவரு பாடினதுல இன்னைக்கு நமக்கு கிடைக்கறது 13 பாட்டு, யூடியூப்ல எல்லாமே கிடக்கு. அதுல ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ், லூயிஸ் காலின்ஸ், ஃப்ராங்கி மூணையும் ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க. ரெண்டு கிட்டார் வாசிக்கற மாதிரி இருக்கும். ஒண்ணு கீழ டும் டும்னு விடாம நடந்துகிட்டே இருக்கும், இன்னொண்ணு மேல மெட்டை வாசிச்சுகிட்டு இருக்கும். ரெண்டும் ஒரே ஆளு, ஒரே கை. மறுபடி கேக்கறப்ப பாட்டை விடுங்க, மெட்டையும் விடுங்க, கீழ இருக்கற டும் டும்மை மட்டும் புடிச்சுகிட்டு கடைசி வரைக்கும் போங்க, எங்கயாவது அது நிக்குதா, வேகம் மாறுதா, பாட்டு வரி வந்ததும் தடுமாறுதான்னு பாருங்க. தடுமாறாது. நீங்க கத்துக்க வேண்டியது அதுதான், மத்ததெல்லாம் அதுக்கு மேல ஒட்ட வைக்கறது.

ஏன் தடுமாறலன்னா ஆடறவங்க கால் அந்த கட்டைவிரலை நம்பித்தான் இருக்கு. அது ஒரு தடவை நின்னா மொத்த வீடும் நின்னுடும். தையல் மிஷின்ல உக்காந்திருக்கறவங்க காலைப் பாத்திருக்கீங்களா, கை துணியைத் திருப்புது, வாய் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கதை பேசுது, கால் மட்டும் தன் பாட்டுக்கு மிதிச்சுகிட்டே இருக்கும், அந்த கால்தான் ஹர்ட்டோட கட்டைவிரல்.

இப்ப வலது கை. பிக் வேணாம், வெறும் விரல். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், இந்த மூணுதான் வேலை செய்யும். மோதிர விரலையும் சுண்டு விரலையும் சவுண்ட் ஹோலுக்குக் கீழ கிட்டார் பலகை மேல லேசா ஊனிக்கோங்க. க்ளாசிக்கல் கிட்டார் கத்துகிட்டவங்க இதைப் பாத்தா திட்டுவாங்க, கை மிதந்துகிட்டே இருக்கணும்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க, அது அந்த ஸ்டைலுக்கு சரி, இங்க ஊனினாத்தான் கட்டைவிரலுக்கு இடம் தெரியும், பாக்காமலே சரியான ஸ்ட்ரிங்ல போய் விழும். நம்பிக்கை இல்லாட்டி நாட்டுப்பாட்டுப் பாடகர் பீட் சீகர் நடத்தின ரெயின்போ க்வெஸ்ட் டிவி நிகழ்ச்சில ஹர்ட் வந்த எபிசோட் வீடியோ இருக்கு, தலைல தொப்பி, முகத்துல சிரிப்பு, வலது கையை மட்டும் உத்துப் பாருங்க. மணிக்கட்டு அசையவே அசையாது. இந்தக் கைக்கு என்ன கஷ்டம்னு தோணும், நீங்க வாசிச்சுப் பாத்தா தெரியும்.

கட்டைவிரல் பாடம். ஸ்ட்ரிங் நம்பர்ல ரொம்ப மெலிசானது 1, ரொம்ப தடியானது 6. சி கார்டு புடிங்க. இடது கையை மறந்துடுங்க, வலது கட்டைவிரலால 5வது ஸ்ட்ரிங், 4வது ஸ்ட்ரிங், திரும்ப 5, திரும்ப 4, இப்படி ஒரு பீட்டுக்கு ஒரு அடி. நாலு பீட்டுக்கு நாலு அடி, நடுவுல ஓய்வே கிடையாது. தாளம் தட்டற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60ல வையுங்க, வேகம் ஏத்தாதீங்க, ஃபோன்ல ஏதாவது வீடியோ ஓட விட்டு பாத்துகிட்டே வாசிங்க, நெஜமாத்தான் சொல்றேன், கட்டைவிரல் உங்க கவனம் இல்லாம ஓடணும். வீட்ல யாராவது கேள்வி கேட்டா வாசிச்சுகிட்டே பதில் சொல்லிப் பாருங்க, பதில் சொல்றப்ப கை நின்னுதுன்னா இன்னும் ரெடி இல்ல.

அது வந்ததும் 5, 4, 6, 4ன்னு மாத்துங்க. 6வது ஸ்ட்ரிங் வர்றப்ப மோதிர விரலை 5வது ஸ்ட்ரிங் 3வது ஃப்ரெட்ல இருந்து 6வது ஸ்ட்ரிங் 3வது ஃப்ரெட்டுக்கு தாண்ட வைக்கணும், திரும்ப 5க்கு கொண்டு வரணும், மத்த விரல் அசையக் கூடாது. ஆரம்பத்துல மோதிர விரல் அடம் புடிக்கும். ஜி கார்டுக்கு 6, 4, 5, 4. எஃப் கார்டுதான் எல்லாரும் பயப்படறது, ஒரே விரலால எல்லா ஸ்ட்ரிங்கையும் அமுக்கற முழு பாரே கார்டு வேணாம், ஹர்ட்டே அப்படி புடிக்க மாட்டாரு, இடது கை கட்டைவிரலை கழுத்துக்கு மேல வளைச்சு கொண்டு வந்து 6வது ஸ்ட்ரிங் 1வது ஃப்ரெட்டை அமுக்குவாரு, மத்த விரல் சின்ன எஃப் ஷேப்ல இருக்கும். அப்ப அடி 6, 4, 6, 4. கை சின்னதா இருந்து கட்டைவிரல் எட்டலைன்னா கவலையே படாதீங்க, 4, 3, 4, 3ன்னு அடிச்சுகிட்டு போங்க, பேஸ் கொஞ்சம் மெலிசா இருக்கும், ஆனா நடை நிக்காது, நடைதான் முக்கியம்.

ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும், பேஸ் ஸ்ட்ரிங்கை உள்ளங்கை வச்சு அமுக்கி டப் டப்னு வாசிக்கணுமான்னு. அது மெர்ல் ட்ராவிஸ்ங்கற கண்ட்ரி கிட்டார்காரரு வழி. ஹர்ட்கிட்ட பேஸ் தொறந்து ஒலிக்கும், ஆனா சத்தமா இருக்காது. கட்டைவிரல் நகத்தால அடிக்காதீங்க, சதைப் பக்கம் படட்டும்.

அடுத்தது மேல் விரல்கள். முதல்ல பிஞ்ச். சி கார்டு, கட்டைவிரல் ஓடிகிட்டே இருக்கு, 1வது பீட்ல மட்டும் கட்டைவிரலும் நடுவிரலும் ஒரே நேரத்துல, ஒண்ணு 5வது ஸ்ட்ரிங், ஒண்ணு 1வது ஸ்ட்ரிங். மிச்ச மூணு பீட்டும் கட்டைவிரல் தனியா. இது ஈஸி. இப்பதான் உண்மையான மேட்டர் வருது, பீட்டுக்கும் பீட்டுக்கும் நடுவுல இருக்கற சந்துல விரலைப் போடறது. 1வது பீட்ல பிஞ்ச், 2வது பீட்ல கட்டைவிரல், 2க்கும் 3க்கும் நடுவுல ஆள்காட்டி விரல் 2வது ஸ்ட்ரிங்கை எடுக்குது, 3ல கட்டைவிரல், 3க்கும் 4க்கும் நடுவுல நடுவிரல் 1வது ஸ்ட்ரிங், 4ல கட்டைவிரல். அவ்ளோதான், இதை சுத்தி சுத்தி வாசிங்க. சரியா விழுந்த நிமிஷம் உங்களுக்கே தெரியும், நேரா நடந்துகிட்டு இருந்த பேஸ் மேல மெட்டு குதிச்சு குதிச்சு வரும், உடம்பு தானா ஆடும். சரியா விழலைன்னா கட்டைவிரல் விரல்களுக்காக காத்துகிட்டு நிக்கும், நொண்டற மாதிரி இருக்கும். அப்படி நொண்டினா விரலைத் திருத்தாதீங்க, விரலை நிறுத்திட்டு கட்டைவிரலை மட்டும் நாலு சுத்து ஓட விடுங்க, அப்பறம் ஒரே ஒரு விரல் நோட்டை சேருங்க. எப்பவும் கட்டைவிரல் மொதலாளி, மேல் விரல்தான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன், இந்த ஒரு பேட்டர்னை மனப்பாடம் பண்ணி எல்லா பாட்டுக்கும் ஓட்டினா அது ஹர்ட் ஆகாது. இன்டர்நெட்ல பாதி பாடம் அப்படித்தான் இருக்கு. அவரு பேட்டர்ன் வாசிக்கறதில்ல, பாட்டோட மெட்டை வாசிக்கறாரு. மேல் விரல் எங்க விழும்ங்கறதை பாட்டு வரி முடிவு பண்ணும். பேட்டர்ன் கை பழகறதுக்கு மட்டும்தான்.

முதல் பாட்டு ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ். ஏன் இதுன்னா முழுப் பாட்டுக்கும் ஜி கார்டுதான், கார்டு மாத்தற தொல்லையே கிடையாது. ஹர்ட் கொஞ்ச காலம் ரயில்வே லைன் போடற வேலைக்குப் போயிருந்தாரு, அங்க கூட வேலை செஞ்சவங்ககிட்ட இருந்து புடிச்ச பாட்டு. ஜான் ஹென்றின்னு ஒரு தொழிலாளி சம்மட்டியோட நீராவி மிஷினை எதிர்த்து போட்டி போட்டு ஜெயிச்சு செத்துப் போன கதை அமெரிக்கால எல்லாருக்கும் தெரியும், நெறைய பேரு அவனை வீரனா பாடுவாங்க. இந்தப் பாட்டுல பாடறவன் வேற மாதிரி, இந்த சம்மட்டி ஜான் ஹென்றியை கொன்னுது, என்னைக் கொல்லாது, மேஸ்திரிகிட்ட குடுத்துடு, நான் கெளம்பிட்டேன்னு சொல்லிட்டு நடையைக் கட்டிடறான். எனக்கு ஜான் ஹென்றி பாட்டுலயே இதுதான் புடிச்சது. வாசிக்கறப்ப 6, 4, 5, 4 ஓட விட்டுட்டு, முதல்ல வாயால மெட்டை முணுமுணுங்க, அப்பறம் அந்த முணுமுணுப்பை மேல் மூணு ஸ்ட்ரிங்ல தேடிப் புடிங்க. டேப் (எந்த ஸ்ட்ரிங், எந்த ஃப்ரெட்னு நம்பர்ல எழுதின குறிப்பு) பாத்து வாசிக்கறதை விட இப்படி தேடினா லேட் ஆகும், ஆனா கைல தங்கும்.

ரெண்டாவது மை கிரியோல் பெல். 1900 வாக்குல வந்த ரேக்டைம் மெட்டுல இருந்து வந்த சின்ன பாட்டு, சி, எஃப், ஜி7 வச்சே ஓட்டிடலாம், மெட்டும் மெதுவா நகரும். அவரு பாடற ஒவ்வொரு எழுத்தும் மேல் ஸ்ட்ரிங்ல அப்படியே வரும், அதனால பிஞ்ச் எங்க, சந்து எங்கன்னு காதுலயே புரியும். மூணாவது லூயிஸ் காலின்ஸ், இதுவும் சி ஷேப்தான். இது அவரே கட்டின பாட்டு, ஒருத்தனைக் கொன்னுட்டாங்கன்னு ஊர்ல பேசிகிட்டதைக் கேட்டு அதை வச்சே எழுதினது. கொலைப் பாட்டுதான், ஆனா கோவம் இல்ல, பழி வாங்கற பேச்சு இல்ல, அம்மா அழறா, ஊர்ப் பொண்ணுங்க செவப்பு டிரஸ் போடறாங்க, தேவதைங்க அவனைப் படுக்க வச்சாங்கன்னு தாலாட்டு மெட்டுல போகும். மொத தடவை வரி புரிஞ்சு கேக்கறப்ப ஒரு மாதிரி ஆயிடும்.

ஃப்ராங்கியை கடைசில வச்சுக்கோங்க. ஃப்ராங்கி பேக்கர்னு ஒரு பொண்ணு 1899ல செயின்ட் லூயிஸ்ல தன் காதலனை சுட்ட உண்மைச் சம்பவம், நூறு பேரு பாடியிருக்காங்க, ஹர்ட் வாசிச்ச வேகத்துக்கு யாரும் கிட்ட வரல. இதுக்கு ட்யூனிங் மாத்தணும், ஸ்பானிஷ் ட்யூனிங், அதாவது ஓப்பன் ஜி. 6வது ஸ்ட்ரிங்கை இ-ல இருந்து டி-க்கு இறக்குங்க, 5வதை ஏ-ல இருந்து ஜி-க்கு, 1வதை இ-ல இருந்து டி-க்கு, மத்த மூணும் அப்படியே. மூணையும் இறக்கறதுதான், ஏத்தறது இல்ல, அதனால ஸ்ட்ரிங் அறுந்துடுமோன்னு பயப்பட வேணாம். இறக்கினதுக்கு அப்பறம் கை வைக்காம தடவினாலே ஜி கார்டு வரும்.

இங்க கதைக்கு வரணும். இவ்ளோ வாசிக்கற ஆளு தொழில்முறை பாடகரே கிடையாது, அடுத்தவங்க நெலத்துல வெவசாயம் பாத்த ஆளு. ஊர்ல வில்லி நார்மர்னு ஒரு வெள்ளைக்கார ஃபிடில்காரரு, அவரு பார்ட்னர் வராத அன்னைக்கு ஹர்ட்டைக் கூட்டிகிட்டு போய் வாசிப்பாரு. அந்தக் காலத்து மிசிசிப்பில கருப்பரும் வெள்ளைக்காரரும் சேந்து வாசிக்கறது சாதாரண விஷயம் இல்ல. அந்த நார்மர்தான் ஓகே கம்பெனி ஆளு டாமி ராக்வெல்கிட்ட இவரைப் பத்தி சொல்லிவிட்டாரு. 1928 பிப்ரவரில மெம்ஃபிஸ்ல ரெக்கார்டிங். பெரிய ஹால், உள்ள மூணே பேரு, இவரு, ராக்வெல், இன்ஜினியர். நாற்காலில உக்கார வச்சு மைக்கை வாய்கிட்ட நகத்தி வச்சு தலையை அசைக்கக் கூடாதுன்னுட்டாங்க, பயந்துபோய் அப்படியே வெறச்சுகிட்டு பாடினதுல கழுத்து நாள்கணக்கா வலிச்சுதுன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்காரு. அந்த ஃப்ராங்கியைக் கேட்டுப் பாருங்க, கழுத்து புடிச்சுகிட்ட ஆளு வாசிக்கற மாதிரியா இருக்கு? பேருக்கு முன்னாடி மிசிசிப்பின்னு ஒட்டினதும் கம்பெனிதான், விக்கறதுக்காக.

டிசம்பர்ல நியூயார்க்குக்கு கூப்பிட்டாங்க, ரெண்டாவது ரவுண்ட் ரெக்கார்டிங். அங்க இருந்தப்ப ஊர் ஞாபகம் வந்து அவலான் ப்ளூஸ்னு ஒரு பாட்டு பாடினாரு, அவலான்தான் என் ஊரு, எப்பவும் மனசுல இருக்குன்னு. அடுத்த வருஷம் பங்குச்சந்தை விழுந்துது, கிராமத்துல ரெக்கார்டு வாங்க காசு யார்கிட்ட இருக்கு, கம்பெனி திரும்ப கூப்பிடல. ஹர்ட் ஊருக்குப் போய் பழையபடி வயல் வேலை, சனிக்கிழமை ஆட்டம். 35 வருஷம்.

1952ல ஹாரி ஸ்மித் தொகுத்த பழைய அமெரிக்க நாட்டுப்பாட்டு ஆல்பத்துல ஃப்ராங்கியும் ஸ்பைக் டிரைவரும் வந்துது, சிட்டிப் பசங்க அதைக் கேட்டு கிறுக்கு புடிச்சு அலைஞ்சாங்க, ஆனா ஆளு செத்துப்போயிருப்பாருன்னுதான் நெனச்சாங்க. வாஷிங்டன் பக்கம் டாம் ஹாஸ்கின்ஸ்னு ஒரு ரசிகர் காதுல அவலான் ப்ளூஸ் விழுந்துது, பாட்டுல ஊர் பேரையே சொல்லிட்டாரே, ஆனா புது மேப்ல அந்த ஊரு இல்ல, பழைய அட்லஸ்ல தேடினா இருக்கு. 1963ல கார் எடுத்துகிட்டு போய் அங்க இருந்த கடைல கேட்டா, மேட்டுல மூணாவது தபால் பெட்டின்னு வழி சொன்னாங்க. வாசல்ல வெள்ளைக்காரன் வந்து நின்னதும் ஹர்ட்டுக்கு போலீசோன்னு பயம், நான் ஒண்ணும் தப்பு பண்ணலையேன்னாராம். அப்ப அவர்கிட்ட சொந்தமா கிட்டார் கூட இல்ல, வந்தவரு கொண்டு போன கிட்டார்லதான் வாசிச்சுக் காட்டினாரு. கை அப்படியே இருந்துது.

அதே வருஷம் ஜூலைல நியூபோர்ட் நாட்டுப்பாட்டு விழா, எழுபது வயசு ஆளு மேடைல உக்காந்து மெதுவா சிரிச்சுகிட்டே வாசிக்கறாரு, கூட்டம் சொக்கிப் போயிடுச்சு. அப்பறம் மூணு வருஷம் காலேஜ், காபி ஹவுஸ், டிவி, வேன்கார்ட் கம்பெனில ஆல்பம். காபி ப்ளூஸ்னு ஒரு பாட்டு பாடுவாரு, அதுல வர்ற ஒரு வார்த்தைல இருந்துதான் லவ்வின் ஸ்பூன்ஃபுல்னு நியூயார்க் பேண்ட் பேரே வச்சுது. 1966 நவம்பர் 2ல சொந்த மாநிலத்துல கிரெனடால காலமானாரு. புகழ் வந்து மூணரை வருஷம்தான் அனுபவிச்சாரு. அவரு இருந்த சின்ன வீட்டை பேத்தி மியூசியமா வச்சிருந்தாங்க, 2024ல அதுவும் எரிஞ்சு போச்சு.

இந்த 35 வருஷ இடைவெளி கத்துக்கறவங்களுக்கு ஒரு வரப்பிரசாதம், இதை யாரும் சரியா பயன்படுத்தறதில்ல. ஒரே ஆளு ஒரே பாட்டை முப்பத்தஞ்சு வயசுலயும் வாசிச்சிருக்காரு, எழுபது வயசுலயும் வாசிச்சிருக்காரு, நடுவுல எந்த கம்பெனியும் எந்த ஃபேஷனும் கைல தொடல. அதனால ஒரு பாட்டு எடுத்தா ரெண்டு வெர்ஷனும் இருந்தா இறக்கிக்கோங்க. வயசான வெர்ஷன் மெதுவா இருக்கும், ரெக்கார்டிங்கும் சுத்தமா இருக்கும், ஒவ்வொரு நோட்டும் எங்க விழுதுன்னு பொறுமையா புடிக்கலாம். அதுல கத்துகிட்டு 1928 வெர்ஷன்ல வேகத்தைப் பாருங்க. நேரா 1928 ஃப்ராங்கில போய் தலையை விடறவங்கதான் ஒரே வாரத்துல விட்டுடறாங்க. வேன்கார்ட்ல 1966ல வந்த டுடே ஆல்பம் இதுக்கு ரொம்ப வசதி.

பாடறது. கட்டைவிரல் தானா ஓடற வரைக்கும் பாடவே ஆரம்பிக்காதீங்க. ஓட ஆரம்பிச்சதும் பாட்டு வரியை முதல்ல பேசுங்க, மெட்டே வேணாம், பேஸ் மேல சும்மா பேசுங்க, அப்பறம் பேச்சை மெட்டுக்குள்ள இழுங்க. ஹர்ட் குரல் அப்படித்தான், பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்குக் கேட்டாப் போதும்ங்கற சத்தம். நம்மாளுங்க ப்ளூஸ்னா தொண்டையைக் கரகரன்னு வச்சுகிட்டு அமெரிக்கக் கருப்பர் மாதிரி இழுத்துப் பாடணும்னு நெனச்சுக்கறாங்க, தயவுசெஞ்சு வேணாம், கேக்கறவங்களுக்கும் கூச்சமா இருக்கும். உங்க சொந்தக் குரல்ல மெதுவா பாடுங்க. இன்னொண்ணு, சில இடத்துல அவரு வரியை முடிக்கவே மாட்டாரு, கடைசி ஒண்ணு ரெண்டு வார்த்தையை விட்டுட்டு கிட்டார்லயே முடிச்சுடுவாரு. மூச்சு வாங்கவும் நேரம் கிடைக்கும், கேக்க அழகாவும் இருக்கும், ஆனா அதுக்கு மேல் விரல்ல மெட்டு சுத்தமா இருக்கணும், பேட்டர்ன் மட்டும் ஓட்டறவங்களால இது முடியாது.

கிட்டார் என்ன வாங்கறதுன்னு கண்டிப்பா கேப்பீங்க. நியூபோர்ட்காரங்க அவருக்கு ஒரு கிட்டார் வாங்கிக் குடுத்தாங்க, அவரு எடுத்துகிட்டது கில்ட் எஃப்-30, ரொம்ப பெரிய உடம்பு இல்லாத கிட்டார். ஆர்ச்செஸ்ட்ரா சைஸ், கான்சர்ட் சைஸ்னு கடைல சொல்ற மாதிரி கொஞ்சம் சின்ன பாடி கிடைச்சா நல்லது, பேஸ் ரொம்ப குமுறாம மேல் ஸ்ட்ரிங்கோட சமமா நிக்கும். ஏற்கனவே வீட்ல பெரிய ட்ரெட்நாட் இருந்தா அதுலயே ஆரம்பிங்க, புதுசு வாங்க இதை ஒரு சாக்கா வச்சுக்காதீங்க. ஸ்ட்ரிங் லைட் கேஜ் போடுங்க, கட்டைவிரலை வளைச்சு எஃப் புடிக்கறப்ப அருமை தெரியும். ஒரு கேப்போ (கழுத்துல மாட்டி எல்லா ஸ்ட்ரிங்கையும் அமுக்கி சுருதி ஏத்தற கிளிப்) கண்டிப்பா வேணும், சி ஷேப்ல உங்க குரல் கீழ போய் முனகினா 2வது ஃப்ரெட்ல, இல்லாட்டி 3வது ஃப்ரெட்ல போட்டு பாடிப் பாருங்க, குரல் எங்க கஷ்டமில்லாம நிக்குதோ அதுதான் உங்க சுருதி, அவரு எந்தக் கீ-ல பாடினாருன்னு தேடிகிட்டு இருக்க வேணாம். ஓப்பன் ஜி-ல இருந்து சாதா ட்யூனிங்குக்கு திரும்பறப்ப மட்டும் மெதுவா ஏத்துங்க, 1வது ஸ்ட்ரிங்கை அவசரமா முறுக்கினா அதுதான் முதல்ல அறுந்துடும், பையில ஒரு எக்ஸ்ட்ரா வச்சுக்கோங்க.